அம்மா சுத்த சைவம். ஜப்பானில் உடோன் நூடுல்ஸ் கடைக்குப் போகலாமா?

நீங்கள் எழுதியிருப்பது "உடோன் கடையில் எப்படி ஆர்டர் செய்வது?" என்றுதான். ஆனால் கேள்வியை முழுக்கப் படித்தால் உள்ளே இரண்டு கவலைகள் இருக்கின்றன. பின்னால் வரிசை நிற்கும்போது மொழி தெரியாமல் திணறிவிடுவோமோ என்பது ஒன்று. முட்டைகூடத் தொடாத உங்கள் அம்மா தெரியாமல் மீனைச் சாப்பிட்டுவிடுவாரோ என்பது இன்னொன்று, அதைவிடப் பெரியது. நீங்களும் மனைவியும் கோழி, மீன் சாப்பிடுவீர்கள், மாட்டிறைச்சி வேண்டாம். ஒசாகாவில் தங்கி, ஒரு நாள் உடோனுக்குப் பெயர்போன ககாவா மாநிலத்துத் தகமட்சு நகரத்துக்குப் போய் வரத் திட்டம் என்கிறீர்கள். தகமட்சுவில் படித்தபோது அங்கே ஒரு செல்ஃப் சர்வீஸ் உடோன் கடையில் பகுதி நேரமாக வேலை பார்த்தவன் நான். முதலில் பாத்திரம் கழுவினேன், பிறகு நூடுல்ஸ் வேகும் அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்க விட்டார்கள். இப்போது இருப்பது ஒசாகாவில். சமையல் கலை படித்தவன் இல்லை; அண்டாவுக்குப் பின்னாலிருந்து பார்த்ததையும் பிறகு இங்கே வந்துபோன சைவ உறவினர்களோடு கடை கடையாக ஏறி இறங்கித் தெரிந்துகொண்டதையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

போகலாம். உங்கள் இருவருக்கும் சிரமமே இல்லை. அம்மாவுக்கு நூடுல்ஸ் சரி, சாறு சரிப்படாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

உடோன் என்பது கோதுமை மாவு, உப்பு, தண்ணீர். அவ்வளவுதான். முட்டை சேர்ப்பதில்லை. சானுகி உடோன் என்று பெயர் பெற்ற ககாவா மாநிலத்து உடோனை "அசல்", "புகழ்பெற்ற" என்ற அடைமொழியோடு விற்க வேண்டுமானால் விதிகளே இருக்கின்றன: மாவின் எடையில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் தண்ணீர், 3 சதவீதத்துக்குக் குறையாமல் உப்பு, பிசைந்த மாவு 2 மணி நேரமாவது ஊற வேண்டும், வேகவைப்பது சுமார் 15 நிமிடம். மாவை பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றிக் காலால் மிதிப்பதைப் பார்த்தால் அம்மா முகம் சுளிக்கலாம்; முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். கால் மாவில் படுவதில்லை. அந்த மிதியில்தான் நூடுல்ஸுக்கு அந்த இழுவை வருகிறது. வேகவைக்கும் அண்டாவிலும் வெறும் தண்ணீர்தான். ஆகவே அண்டாவிலிருந்து எடுத்து அலசித் தட்டில் வைத்த உடோன் சைவம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதன் மேல் ஊற்றுவதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்கு அடிப்படை தாஷி என்ற சாறு. ககாவாவில் அதை இரிக்கோ என்ற உலர்ந்த நெத்திலி வகைக் கருவாட்டில் எடுக்கிறார்கள்; இபுகி என்ற சின்னத் தீவிலிருந்து வருவதற்குத் தனி மதிப்பு. ஒசாகாவில் கோம்பு என்ற கடற்பாசியோடு கானாங்கெளுத்தி, சூரை மீன்களைப் புகையிட்டுக் காயவைத்துச் சீவிய செதில்கள். எந்த ஊரானாலும் மீன் இல்லாத தாஷியைச் சாதாரண உடோன் கடையில் எதிர்பார்க்காதீர்கள். சூடான சாற்றில் மட்டும் அது இருக்கிறது என்றும் நினைத்துவிட வேண்டாம். குளிர்ந்த நூடுல்ஸைத் தொட்டுச் சாப்பிடக் கொடுக்கும் கிண்ணத்து ட்சுயு, புக்காக்கேயில் மேலே ஊற்றும் கெட்டிச் சாறு, கறி உடோனில் (இறைச்சியல்ல, மசாலாக் குழம்பு ஊற்றிய உடோன்) வரும் குழம்பு, கிட்சுனே உடோனில் மேலே கிடக்கும் இனிப்பான பொரித்த டோஃபு, எல்லாவற்றுக்குள்ளும் அது போய்விடுகிறது. அந்த டோஃபுவைப் பார்த்து "இது சைவம்தானே" என்று வாங்கித் தந்து, பிறகு அது வெந்ததே தாஷியில்தான் என்று தெரிந்து வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"இதில் மீன் இருக்கிறதா?" என்று கேட்டால் கடைக்காரர் "இல்லை" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. சாம்பாரில் என்னென்ன காய் போட்டீர்கள் என்று கேட்டால் நாம் பெருங்காயத்தைச் சொல்வோமா? அதுபோல, அவர் கணக்கில் மீன் என்றால் துண்டாகத் தெரிய வேண்டும். அதனால் மீனைப் பற்றிக் கேட்காமல் தாஷியைப் பற்றிக் கேளுங்கள். இன்னும் நல்லது, கைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலியில் "மீன் தாஷி கலந்த எதையும் சாப்பிடமாட்டார், வெறும் நூடுல்ஸ் மட்டும் போதும், ட்சுயு வேண்டாம்" என்று ஜப்பானிய மொழியில் போட்டு, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்வதானால் "தாஷி நாஷி" போதும், ஆனால் காட்டுவதுதான் உத்தமம்.

பெரிய சங்கிலிக் கடைகளில் ஒவ்வாமை அட்டவணை இருக்கும். அதை நம்பிச் சைவம் என்று முடிவு செய்வது பலர் விழும் குழி. ஜப்பானில் பொதிந்து விற்கும் உணவுகளில் இறால், நண்டு, அக்ரூட் எனும் வால்நட், கோதுமை, சோபா எனும் பக்வீட், முட்டை, பால், வேர்க்கடலை போன்றவற்றைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். கானாங்கெளுத்தி, சால்மன், மாட்டிறைச்சி, பன்றி, கோழி போன்றவை பரிந்துரைப் பட்டியலில் வரும். கட்சுவோ எனும் சூரையும் இரிக்கோவும் எதிலும் இல்லை. உணவகங்களுக்கு இந்தக் கட்டாயமும் கிடையாது. அவர்களாக விரும்பிப் போடுவதுதான். ஆக அட்டவணையில் மீன் என்று எந்தக் கட்டத்திலும் குறி இல்லாவிட்டாலும் கிண்ணத்தில் மீன் சாறு நிறைந்திருக்கலாம். முட்டை, பால் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் அந்த அட்டவணை உதவும்.

அம்மாவுக்கு என்ன வாங்குவது என்றால், முதல் தேர்வு ஜாரு உடோன்: குளிர்ந்த நீரில் அலசி மூங்கில் தட்டில் வைத்துத் தருவார்கள், தொட்டுக்கொள்ளும் ட்சுயு தனிக் கிண்ணத்தில் வரும். அந்தக் கிண்ணத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சூடாக வேண்டுமென்றால் கமாஅகே: வெந்த தண்ணீரோடு மரத்தொட்டியில் அப்படியே வரும், அதிலும் தொட்டுக்கொள்வது தனிதான். ககாவாவில் கிஜோயு உடோன் என்று ஒன்று உண்டு. நூடுல்ஸ், சோயா சாஸ், துருவிய முள்ளங்கி, பக்கத்து மாநிலமான தொகுஷிமாவிலிருந்து வரும் சுதாச்சி எலுமிச்சை, இவ்வளவுதான். கேட்கச் சைவம்போல இருக்கிறது. ஆனால் இங்கேதான் சந்தேகம் தொடங்குகிறது: பல கடைகளில் அந்த சோயா சாஸிலேயே தாஷி கலந்துவிடுகிறார்கள், மேசையில் வைத்திருக்கும் புட்டியும் பெரும்பாலும் தாஷி கலந்த சோயா சாஸ்தான். புட்டியில் எழுதியிருப்பதைக் கைபேசிக் கேமராவால் படித்துவிடுங்கள். நான் செய்வது, சூப்பர் மார்க்கெட்டில் சிறு குப்பி சாதாரண சோயா சாஸ் வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது. வெளி உணவைக் கடைக்குள் எடுத்துப் போவது இங்கே மரியாதை இல்லை என்றாலும், காரணத்தைக் காட்டிக் கேட்டால் நாலு சொட்டு சோயா சாஸுக்கு யாரும் மறுப்புச் சொல்லி நான் பார்த்ததில்லை. நறுக்கிய வெங்காயத்தாள், துருவிய இஞ்சி, எள் இவை பெரும்பாலும் இலவசமாகவே இருக்கும். சூடான கமாஅகே மேல் இஞ்சியும் எள்ளும் சோயா சாஸும் போட்டால், ஒப்புக்குச் சொல்லவில்லை, நன்றாகவே இருக்கும். ஊறுகாய்ப் பொட்டலம் இருந்தால் இன்னும் மேல்.

ஒசாகாவில் "ஒன்றும் போடாத உடோன்" என்று கேட்பது ஆபத்து. மேலே எதுவும் வைக்காமல் சாறு மட்டும் ஊற்றிய உடோனுக்கு அங்கே சு உடோன் என்று பெயர், அதையே கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். "சாறு வேண்டாம்" என்பதைத் தனியாகச் சொல்லுங்கள்.

பஜ்ஜி மாதிரி வரிசையாக அடுக்கியிருக்கும் தெம்புரா அம்மா கண்ணில் முதலில் படும். சர்க்கரைவள்ளி, கத்தரிக்காய், பூசணி, தாமரைத்தண்டு எல்லாம் இருக்கும். மாவில் முட்டை சேர்ப்பது கடைக்குக் கடை மாறும். சங்கிலிக் கடை என்றால் அட்டவணையில் பார்க்கலாம். எண்ணெய் பெரும்பாலும் தாவர எண்ணெய். ஆனால் இறாலும் கோழியும் பொரித்த அதே எண்ணெயில்தான் காயும் பொரிகிறது, இதில் விதிவிலக்கை எதிர்பார்க்க வேண்டாம். ஒரே எண்ணெய் பரவாயில்லை என்பாரா, கூடாது என்பாரா என்பதை நீங்கள் வீட்டிலேயே கேட்டுவிடுவது நல்லது, கடை வாசலில் வேண்டாம். தெம்புராத் துணுக்குகளான தென்கசுவுக்கும் இதே கணக்குதான். பக்கத்தில் இருக்கும் இனாரி எனும் டோஃபுப் பைக்குள் அடைத்த சாதத்திலும் அந்த டோஃபு பெரும்பாலும் தாஷியில் வெந்ததே. வெறும் உப்பு போட்ட ஒனிகிரி எனும் சாத உருண்டை கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம்.

இனி வரிசை. செல்ஃப் கடைகளில் ஒழுங்கு ஒன்றுதான்: தட்டை எடு, நூடுல்ஸைச் சொல், கிண்ணத்தை வாங்கு, தெம்புராவை இடுக்கியால் எடு, கடைசியில் காசு கொடு. அதற்குப் பிறகுதான் வெங்காயத்தாள், இஞ்சி, தென்கசு, தண்ணீர், டீ எல்லாம், அதுவும் நீங்களே எடுத்துக்கொள்வது. நீங்கள் யோசித்து நிற்கக் கூடாத இடம் ஒன்றே ஒன்று, நூடுல்ஸ் சொல்லும் இடம். தெம்புரா முன்னால் நின்று யோசிக்கலாம், ஆனால் அதற்குள் கையில் இருக்கும் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருக்கும்.

அந்த முதல் இடத்தில் கேட்கப்படுவது இரண்டே விஷயம்: எது, எவ்வளவு. அளவு, ககாவாவில் ஷோ, ச்சூ, தாய் எனச் சிறிது, நடுத்தரம், பெரிது. சிறிது என்றால் ஓர் உருண்டை நூடுல்ஸ்; முதல் முறைக்கு அதுவே தாராளம். சங்கிலிக் கடைகளில் சாதாரண அளவுக்கு நமி என்பார்கள். எது என்பதற்கு மேலே தொங்கும் படத்தைக் காட்டி "கொரே, ஹிதொட்சு" என்றால் "இது ஒன்று" என்று ஆகிவிடும். சில தகமட்சுக் கடைகளில் காக்கே உடோன், அதாவது சாறு ஊற்றிய சாதாரண உடோன் கேட்டால் "அட்சு அட்சுவா, ஹியா அட்சுவா, ஹியா ஹியாவா?" என்று திரும்பக் கேட்பார்கள். முதல் சொல் நூடுல்ஸுக்கு, இரண்டாவது சாற்றுக்கு. அட்சு சூடு, ஹியா குளிர்.

இந்த வேறுபாடு ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பது அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றால்தான் தெரியும். வெந்த உடோனை அள்ளி ஓடும் குளிர்ந்த நீரில் போட்டுக் கையால் நன்றாகக் கசக்கி அலசுவோம். மேலே பிடித்திருக்கும் வழவழப்பான கஞ்சி போகும், நூடுல்ஸ் இறுகும். கையில் எடுத்தால் ஓரங்கள் சதுரமாக, விரலுக்கு முனை தட்டுப்படும். பிறகு உருண்டை உருண்டையாகச் சுற்றி மரத்தட்டில் அடுக்குவோம். குளிர்ந்தது கேட்டால் அந்த உருண்டை அப்படியே போகும், பல்லுக்கு நல்ல எதிர்ப்புக் கொடுக்கும். சூடாகக் கேட்டால் கைப்பிடி வைத்த கூடையில் போட்டு வெந்நீரில் சில நொடி முக்கி எடுப்போம், அப்போது கொஞ்சம் தளரும். குளிர்ந்த நூடுல்ஸ் மேல் சூடான சாறு ஊற்றினால் இரண்டுக்கும் நடுவில். கமாஅகே மட்டும் அலசப்படுவதே இல்லை, அண்டாவிலிருந்து நேராக வருகிறது. மென்மையாக இருக்கும், கோதுமை வாசனை அதிகம். அடுத்த அண்டா வேகும்வரை காத்திருக்கச் சொல்வதும் அதனால்தான். பழைய பாணிக் கடைகள் சிலவற்றில் கூடையில் முக்கும் வேலையையும் உங்களிடமே விட்டுவிடுவார்கள். குழாயைத் திறந்து சாற்றையும் நீங்களே பிடித்துக்கொள்ள வேண்டும். முன்னால் நிற்பவரைப் பார்த்துச் செய்தால் போதும்.

உங்கள் இருவருக்கும் நான் சொல்வது: முதல் கிண்ணம் காக்கே, இரண்டாவது கடையில் குளிர்ந்த புக்காக்கே. கூட கஷிவா என்ற கோழித் தெம்புரா. சிக்குவா எனும் குழாய் வடிவத் தெம்புரா மீன் விழுதில் செய்தது, ககாவாவில் அதற்குத் தனி ரசிகர்கள். ஆனால் நிகு உடோனைத் தொட வேண்டாம். மேற்கு ஜப்பானில் வெறுமனே நிகு, அதாவது இறைச்சி என்று எழுதியிருந்தால் அது மாடு. டோக்கியோப் பக்கம் பன்றியாகவும் இருக்கலாம். கறி உடோனில் துண்டு தெரியாவிட்டாலும் குழம்புக்கட்டியில் மாட்டு, பன்றிக் கொழுப்பு சேர்வது சகஜம், அதையும் விட்டுவிடுங்கள். கமாதாமா என்பது சூடான நூடுல்ஸில் பச்சை முட்டையை உடைத்துக் கிளறுவது. ஜப்பானில் முட்டைக்குப் போடும் தேதியே பச்சையாகச் சாப்பிடுவதை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது; மனம் ஒப்பினால் சாப்பிடலாம், ஒப்பாவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. இதைப் பிரபலமாக்கிய யமகோயே கடை தகமட்சுவுக்கு வெளியே அயாகவாவில் இருக்கிறது. ஒரு நாள் பயணத்தில் அம்மாவை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் அலைய வேண்டுமா என்று யோசியுங்கள். அலையத்தான் போகிறீர்கள் என்றால் அங்கே உடோன் டாக்ஸி என்றே ஒன்று ஓடுகிறது. ஓட்டுநர்கள் உடோனில் தேர்வு எழுதித் தேறியவர்கள். நான் கிண்டல் செய்யவில்லை.

ஒசாகாவிலேயே உடோன் கிடைக்கும்போது தகமட்சு எதற்கு என்று மனைவி கேட்டால், இரண்டும் வேறு சாப்பாடு என்று சொல்லுங்கள். ஒசாகா உடோன் மெத்தென்று இருக்கும், அங்கே சாறுதான் நாயகன், ககாவாவில் நூடுல்ஸ். உங்கள் அம்மாவுக்கு நூடுல்ஸ் மட்டும்தான் என்பதால், அவருக்காகத் தகமட்சு போவதில் அர்த்தம் இருக்கிறது. மழை குறைந்த, ஏரி குளங்களை நம்பிய ஊர் அது. கோதுமை விளைந்தது, கடலோரத்தில் உப்பு காய்ச்சினார்கள், எதிரே ஷோடோஷிமா தீவில் சோயா சாஸ், கடலில் இரிக்கோ. வேண்டியதெல்லாம் பக்கத்திலேயே இருந்தது. இன்றைக்கு மாவில் பெரும்பங்கு ஆஸ்திரேலியக் கோதுமைதான் என்பதை அங்கே யாரும் மறைப்பதில்லை. நேரம் கிடைக்காவிட்டால் ஒசாகாவில் மருகமே செய்மென், ஹனமாரு போன்ற சங்கிலிக் கடைகளுக்குப் போங்கள்; இரண்டும் சானுகி பாணி. மருகமே என்பது ககாவாவில் உள்ள ஊரின் பெயர் என்றாலும் அந்த நிறுவனம் தொடங்கியது ஹியோகோ மாநிலத்தில், முதல் கடை 2000-இல் அங்குள்ள ககோகாவாவில் திறந்தது. ஹனமாரு அதே ஆண்டு தகமட்சுவிலேயே தொடங்கியது. ககாவாக்காரர்களிடம் முதலாவதின் பெயரைச் சொல்லிப் பாருங்கள், ஒரு சின்ன முகச்சுளிப்பு வரும். எனக்கு அதில் வழக்கில்லை. படத்தோடு பட்டியலும் இடமும் உள்ள அந்தக் கடைகள் வயதானவரை அழைத்துப் போக வசதியானவை.

தகமட்சுவுக்கு ஒகாயாமா வரை ஷின்கான்சென் அதிவேக ரயில், அங்கிருந்து மரீன் லைனர் ரயிலில் கடலைத் தாண்டி ஒரு மணி நேரம். காலையிலேயே கிளம்புங்கள். பேர்பெற்ற கடைகள் பல மதியம் இரண்டு, மூன்று மணிக்குள் மூடிவிடும். நூடுல்ஸ் தீர்ந்தால் அதற்கும் முன்னால். 12 மணிக்கு அலுவலகக் கூட்டம் வந்துவிடும், 11 மணிக்குப் போனால் நிம்மதி. சின்னக் கடைகளில் அட்டை செல்லாது, ஆயிரம் யென் தாள்களும் சில்லறையும் வைத்திருங்கள். வெறும் காக்கே கிண்ணம் ஊருக்கு ஊர் மாறி ஏறக்குறைய 300 முதல் 500 யென். விலை ஏறிக்கொண்டே இருப்பதால் இதை உத்தேசமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ் கிடையாது. உறிஞ்சிச் சாப்பிடலாம், சத்தம் வந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மூன்று பேர் போய் ஒரு கிண்ணத்தைப் பகிர்வதுதான் சரியல்ல, ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் திரும்ப வைக்கும் சாளரத்தில் கொண்டுபோய் வையுங்கள், கூட்டமிருந்தால் உட்கார்ந்து பேச வேண்டாம்.

அம்மாவுக்கு ரத்த அழுத்தம் என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். மாவில் போட்ட உப்பில் பெரும்பகுதி வேகும்போதே தண்ணீருக்குப் போய்விடும். உப்பு நிற்பது சாற்றில்தான். ஒரு கிண்ணம் காக்கே உடோனைச் சாறோடு குடித்து முடித்தால் 5 கிராம் அளவுக்கு உப்பு உள்ளே போகும், ஒரு நாளைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பே அதற்குள்தான். ஒசாகா சாறு வெளிறி இருப்பதால் உப்புக் குறைவு என்று நினைக்காதீர்கள். அதற்குப் போடும் வெளிர் சோயா சாஸில் கறுப்பு சோயா சாஸைவிட உப்பு அதிகம். சாற்றைக் குடிக்காமல் மிச்சம் வைப்பது அங்கே அவமரியாதை இல்லை. அம்மா சாற்றைத் தொடப்போவதில்லை, அவருக்கு சோயா சாஸ் அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கோதுமையோ சோயாவோ ஒத்துக்கொள்ளாது என்ற சிக்கல் ஏதாவது இருந்தால் நான் சொன்ன எதுவும் பொருந்தாது, மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.